எந்தச் சிறு விமானம் பத்திரமானது?

2025-ம் ஆண்டு, நவம்பர் 13-ந் தேதி. வியாழக்கிழமை.

திருச்சி – புதுக்கோட்டை சாலையில், கீரனூருக்குப் பக்கத்தில், பஸ்களும் லாரிகளும் வழக்கம் போல ஓடிக் கொண்டு இருந்தன. அப்போது ஒரு சிறு விமானம் தாழப் பறந்து வந்தது. இன்னும் தாழ வந்தது. கடைசியில் நடு ரோட்டிலேயே இறங்கி நின்று விட்டது!

சேலத்தில் இருந்து பயிற்சிக்காகக் கிளம்பிய செஸ்னா விமானம் அது. வழியில் கோளாறு. விமானியின் கண்ணுக்கு நீளமான, அகலமான நெடுஞ்சாலை தெரிந்தது. அதையே ஓடுபாதை ஆக்கிக் கொண்டார். உள்ளே இருந்த இருவரும் பிழைத்தார்கள். சாலையில் போன யாருக்கும் காயம் இல்லை. சுற்று வட்டார ஜனங்கள் ஓடி வந்து, விமானத்தோடு நின்று படம் பிடித்துக் கொண்டார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பிற்பகல் சுமார் இரண்டரை மணி.

தாம்பரத்துக்குத் தெற்கே, திருப்போரூர் அருகில், நம் விமானப் படையின் பயிற்சி விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியது. அதன் பெயர் பிலாட்டஸ் பி.சி.-7. சுவிட்சர்லாந்து நாட்டில் செய்தது. விமானி ஆசனத்தோடு வெளியே பாய்ந்தார். பாராசூட் விரிந்தது. அவரும் பிழைத்தார்.

அடுத்தடுத்து இரண்டு நாள். இரண்டு சிறு விமானங்கள். உயிர்ச் சேதம் இல்லை.

சேலையூர், மாடம்பாக்கம், அகரம்தென் பக்கத்துத் தாய்மார்களுக்கு இதைப் படித்ததும் ஒரு கேள்வி வரும். “தினமும் நம் தலைக்கு மேல் சுற்றுகிறதே, அது எப்படிப்பட்ட விமானம்? பத்திரமானதுதானா?” பிள்ளையை விமானி ஆக்க வேண்டும் என்று நிலத்தை விற்கத் துணிந்த தகப்பனாருக்கும் அதே கேள்விதான். அவர் கையில் இருப்பதோ அரைக் கோடி ரூபாய் வாக்கில் ஆகும் செலவுக் கணக்கு. பையன் ஏறப் போகும் விமானம் நல்லதா, கெட்டதா என்று யாரைக் கேட்பது?

கேட்டுப் பார்ப்போம்.

தாம்பரத்துக்கு என்ன சம்பந்தம்?

சிறு விமானத்துக்கும் தென் சென்னைக்கும் உள்ள உறவு மிகப் பழையது.

மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டாஞ்செலிஸ் என்பவருக்கு விமானப் பைத்தியம் பிடித்தது. சிம்ப்ஸன் கம்பெனியின் உதவியோடு ஒரு விமானத்தைக் கட்டினார். 1910-ல் அதைப் பல்லாவரத்தில்தான் பறக்க விட்டுப் பரீட்சை பார்த்தார். நம் நாட்டில் பறந்த முதல் விமானங்களில் அது ஒன்று. அந்த நாளில் பல்லாவரம் வெட்டவெளி. விழுந்தாலும் கேட்க ஆள் இல்லை! இன்று அங்கே விமானம் இறங்க அல்ல, சைக்கிள் நிறுத்தவே இடம் கிடைப்பது இல்லை.

பிறகு மீனம்பாக்கத்தில் மெட்ராஸ் பிளையிங் கிளப் வந்தது. 1930-களிலேயே அதன் சிறு விமானங்கள் பரங்கிமலைக்கு மேல் வட்டம் இட்டன.

1954-ல் தாம்பரத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தது. 1948-ல் அம்பாலாவில் ஆரம்பித்த பள்ளி அது. சாதாரணப் பள்ளி அல்ல. விமானம் ஓட்டக் கற்றுக் கொடுக்கும் ஆசிரியர்களுக்கே பாடம் சொல்லும் பள்ளி. தாம்பரத்தில் தேறியவர்தான் மற்ற ஊர்களில் போய் இளைஞர்களுக்குப் பாடம் எடுக்கிறார். ஆகவே சேலையூர் வானத்தில் சுற்றும் விமானத்தில் இருப்பவர் பெரும்பாலும் புதியவர் அல்ல. ஓட்டத் தெரிந்தவர். ஓட்டச் சொல்லிக் கொடுக்கக் கற்றுக் கொள்கிறவர்.

எண்ணிக்கை ஏமாற்றும்

எது பத்திரம் என்று பார்க்க, “எந்த விமானம் அதிகம் விழுந்தது?” என்று எண்ணினால் போதும் என்று தோன்றும். போதாது.

ஒரு தெருவில் ஆயிரம் சைக்கிள். இன்னொரு தெருவில் பத்து சைக்கிள். முதல் தெருவில் வருஷத்துக்கு ஐந்து பேர் விழுந்தார்கள். இரண்டாம் தெருவில் ஒருவர் விழுந்தார். எந்தத் தெரு அபாயம்? ஐந்து பெரிது, ஒன்று சிறிது என்று சொன்னால் கணக்கு வாத்தியார் காதைத் திருகுவார். ஆயிரத்தில் ஐந்து சிறிது. பத்தில் ஒன்று பெரிது.

விமானத்திலும் அப்படித்தான். எத்தனை விழுந்தது என்று கேட்டால் போதாது. எத்தனை மணி நேரம் பறந்ததற்கு எத்தனை விழுந்தது என்று கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்தக் கணக்கை வருஷந்தோறும் எடுக்கிறார்கள். அங்கே தனியார் வைத்திருக்கும் சிறு விமானங்கள் லட்சக்கணக்கில் உண்டு. வைத்தியரும் விவசாயியும் வியாபாரியும் சொந்த விமானம் வைத்திருப்பார்கள். அவர்கள் கணக்குப்படி, சிறு விமானங்கள் ஒரு லட்சம் மணி நேரம் பறந்தால், உயிர் பலி கொள்ளும் விபத்து ஏறக்குறைய ஒன்று நடக்கிறது.

ஒரு லட்சம் மணி என்றால் எவ்வளவு? ஒரே விமானம், தினமும் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை கூட லீவு இல்லாமல் பறந்தால், ஒரு லட்சம் மணி முடிய ஏறக்குறைய 274 வருஷம் ஆகும்.

கேட்க ஆறுதலாக இருக்கிறது அல்லவா? ஆனால் டிக்கெட் வாங்கிப் போகிற பெரிய விமானங்களோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு அபாயம். பெரிய விமானத்தில் இரண்டு விமானிகள். ஜெட் எஞ்சின்கள். மேகத்துக்கு மேலே போகும் சக்தி. பின்னால் ஒரு பெரிய கம்பெனி. சிறு விமானத்தில் பல சமயம் ஒரே மனிதர். அவர் களைத்திருந்தால் எழுப்ப ஆள் இல்லை. தவறு செய்தால் தடுக்க ஆள் இல்லை.

எஞ்சின் நின்றால் கல் போல விழுமா?

விழாது!

இதைப் பலர் நம்ப மாட்டார்கள். ஆனால் பருந்தைப் பாருங்கள். சிறகை அடிக்காமலே எவ்வளவு தூரம் போகிறது! எஞ்சின் நின்ற விமானமும் அப்படித்தான் சறுக்கிக் கொண்டு வரும்.

செஸ்னா-172 என்பது உலகத்திலேயே மிக அதிகமாகச் செய்யப்பட்ட விமானம். 1955-ல் முதலில் பறந்தது. இதுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். நம் நாட்டுப் பயிற்சிப் பள்ளிகளிலும் இதைத்தான் அதிகம் பார்க்கலாம். நான்கு ஆசனம். இறக்கை தலைக்கு மேலே. பெட்ரோல் தொட்டி அந்த இறக்கைக்குள்ளேயே இருக்கிறது. ஓவர்ஹெட் டாங்கிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வருவது போல, மேலிருந்து கீழே எஞ்சினுக்குப் பெட்ரோல் தானாக இறங்கும். இதில் கெட்டுப் போகும் சங்கதி குறைவு.

எஞ்சின் நின்றால், ஓர் அடி கீழே இறங்குவதற்குள் ஏறக்குறைய 9 அடி முன்னால் போகும். தாம்பரத்துக்கு மேல் 3,000 அடி உயரத்தில் எஞ்சின் நின்றது என்று வையுங்கள். காற்று எதிர்த்து அடிக்காத நாளில் சுமார் 8 கிலோமீட்டர் சறுக்கலாம். அதாவது பல்லாவரம் வரை வந்து விடலாம். (அங்கே எங்கே இறங்குவது என்பது வேறு விஷயம்!) தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் வாக்கில் இருக்கும். ஜி.எஸ்.டி. ரோட்டில் அவசரக்கார பஸ் போகிற வேகம்தான்.

இந்த வேகம்தான் உயிர் காப்பது. வேகம் இரு மடங்கு ஆனால் மோதும் அடி நான்கு மடங்கு ஆகும். மெதுவாக இறங்கும் விமானத்தில் அடி குறைவு. கீரனூரில் பிழைத்ததன் ரகசியத்தில் பாதி இது. மீதிப் பாதி, பதறாமல் சாலையைத் தேர்ந்தெடுத்த விமானியின் மனம்.

19 விமானிகளைப் பலி கொண்ட விமானம்

இனி நம் நாட்டுக் கதை. சிறு விமானங்களை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் துலக்கமான உதாரணம் கிடையாது.

நம் விமானப் படையில் சேரும் இளைஞர்கள் முதன் முதலில் ஏறிய விமானம் எச்.பி.டி.-32. ‘தீபக்’ என்று அழகான பெயர். பெங்களூர் இந்துஸ்தான் ஏரோநாடிக்ஸ் தொழிற்சாலையில் செய்தது. ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். பாடம் சொல்ல வசதி.

ஆனால் அதற்கு ஒரு வியாதி இருந்தது. பறக்கும்போது எஞ்சின் திடீரென்று நின்று போகும். பெட்ரோல் ஒழுங்காகப் போய்ச் சேராததே காரணம் என்று பேசினார்கள். நிபுணர்கள் பார்த்தார்கள். மாற்றங்கள் செய்தார்கள். வியாதி முழுவதும் போகவில்லை.

நின்றால் சறுக்கிக் கொண்டு வரலாமே என்பீர்கள். சறுக்கும் திறமை அதற்குக் குறைவு. சரி, பாய்ந்து வெளியேறலாமே என்பீர்கள். பாய வைக்கும் ராக்கெட் ஆசனம் அதில் இல்லை.

மொத்தம் 17 விபத்துகள். 19 விமானிகள் பலி ஆனார்கள்.

2009-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி ஆந்திராவில் (இப்போது தெலுங்கானா) மேடக் பகுதியில் ஒன்று விழுந்தது. அதில் இருந்த இருவருமே அனுபவம் உள்ள ஆசிரியர்கள். இருவரும் மாண்டார்கள். பையனின் தவறு என்று சொல்ல அன்று வழி இல்லாமல் போயிற்று. அத்தனை ‘தீபக்’ விமானங்களும் தரையில் நிறுத்தப்பட்டன. விமானத்துக்கே பெரிய பாராசூட் கட்டிப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. அது நிறைவேறவில்லை.

இப்போது ஒரு சங்கடம். முதல் பாட விமானம் இல்லை. புது மாணவர்களை நேராகக் கிரண் என்ற ஜெட் விமானத்தில் ஏற்றிப் பழக்க வேண்டி வந்தது. ஒன்றாம் வகுப்பு மூடி விட்டது, ஐந்தாம் வகுப்பிலேயே சேர் என்பது போல! வேறு விமானம் வந்து சேர நான்கு வருஷம் ஆகி விட்டது.

2012-ல் சுவிட்சர்லாந்தோடு 75 பிலாட்டஸ் விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆயிற்று. 2013-ல் வந்தன. அதில் ஆசிரியரும் மாணவரும் முன்னும் பின்னும் உட்காருவார்கள். இரு ஆசனமும் பாய வைக்கும் ஆசனம். உயிர் பலி கொண்ட முதல் விபத்து 2023-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி நடந்தது. ஐதராபாத் பக்கத்துத் துண்டிகல் பயிற்சிக் கூடத்து விமானம் அது. (நம் திண்டுக்கல் அல்ல. அன்று பலர் குழம்பினார்கள்.) ஆசிரியரும் மாணவரும் இறந்தார்கள். அதற்கு முன் பத்து வருஷம், நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஏறி இறங்கி இருந்தார்கள்.

எச்.பி.டி.-32 ஓட்டியவர்கள் மோசமானவர்களும் அல்ல. பிலாட்டஸ் ஓட்டுகிறவர்கள் தேவர்களும் அல்ல. ஒரே நாடு. ஒரே படை. ஒரே வயதுப் பிள்ளைகள். மாறியது விமானம். ஆகவே இங்கே வித்தியாசம் விமானத்தில்தான் இருந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். இதைக் கண்டுகொள்ள 19 உயிர் தேவைப்பட்டதா என்பதுதான் நெஞ்சை அறுக்கிற கேள்வி.

திருப்போரூரில் விழுந்ததும் பிலாட்டஸ்தான். விமானம் போயிற்று. மனிதர் பிழைத்தார். பாய வைக்கும் ஆசனம் அவரைத் தூக்கி எறிந்தது. அது மட்டும் இல்லாவிட்டால் செய்தி வேறு மாதிரி வந்திருக்கும். காரணம் என்ன என்று ஆராய விமானப் படை விசாரணைக்கு உத்தரவு இட்டது.

விமானத்துக்கே ஒரு குடை!

விமானம் மாறினால் எல்லாம் சரியாகி விடுமா? அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது.

சிர்ரஸ் என்று ஒரு விமானம். 1999 முதல் விற்பனைக்கு வந்தது. அதில் ஒரு புதுமை. மனிதருக்கு அல்ல, விமானத்துக்கே ஒரு பெரிய பாராசூட்! ஆபத்து வந்தால் மேலே உள்ள கைப்பிடியை இழுக்க வேண்டியதுதான். ராக்கெட் பாய்ந்து குடையை விரிக்கும். விமானம் ஆட்களோடு கீழே இறங்கும். விமானம் அடிபடும். ஆட்கள் பிழைப்பார்கள்.

எல்லோரும் என்ன நினைத்தார்கள்? இனி இந்த விமானத்தில் யாரும் சாக மாட்டார்கள் என்று நினைத்தார்கள்.

நடந்தது என்ன? ஆரம்ப வருஷங்களில் மற்ற சிறு விமானங்களைவிட இது பத்திரமாக இல்லை!

காரணம் மனித சுபாவம். குடை இருக்கிறதே என்ற தைரியத்தில் சிலர் போகக் கூடாத மேகத்துக்குள் போனார்கள். ஆபத்து வந்ததும், “நான் சமாளித்து விடுவேன்” என்று கைப்பிடியைத் தொடாமலே இருந்தார்கள். சிலர் கடைசி நிமிஷத்தில் இழுத்தார்கள். குடை விரிய உயரம் போதவில்லை.

பிறகு கம்பெனியும், அந்த விமானம் வைத்திருப்பவர்களின் சங்கமும் சேர்ந்து பாடத்தை மாற்றினார்கள். “யோசிக்காதே. சீக்கிரம் இழு. விமானம் போனால் போகட்டும்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்கள். பத்து, பதினைந்து வருஷத்தில் சாவுக் கணக்கு சட்டென்று இறங்கியது. இன்று அந்தக் குடையால் பிழைத்தவர்கள் 200-க்கு மேல்.

விமானம் அதேதான். குடையும் அதேதான். மாறியது பாடம்.

இதற்கு நேர் மாறான பழைய கதை ஒன்றும் உண்டு. பொனான்ஸா என்ற விமானம் 1947-ல் வந்தது. மீன் வால் போல இரண்டாகப் பிரிந்த வால். வேகம் அதிகம். விலையும் அதிகம். பணக்கார வைத்தியர்கள் ஆசையாக வாங்கினார்கள். அவர்களுக்குப் பணம் இருந்தது. பழக நேரம் இல்லை. அதனால் ‘டாக்டர் கொல்லி’ என்றே பட்டப் பெயர் வந்து விட்டது!

வைத்தியர்கள்தான் காரணம் என்று பல வருஷம் எல்லோரும் சிரித்துக் கொண்டு இருந்தார்கள். பிறகு கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். அதே கம்பெனி, ஏறக்குறைய அதே விமானம், ஆனால் சாதாரண நேர் வால். அது ஆகாயத்தில் உடைந்து போவது மிகக் குறைவு. பிளவு வால் விமானமோ பல மடங்கு அதிகம் உடைந்திருந்தது. ஆக, வாலிலும் கோளாறு! 1980-களில் வாலைப் பலப்படுத்த உத்தரவு போட்டார்கள். ஓட்டியவர் மேல் பழி போட்டு விட்டால் விமானத்தின் குறை மறைந்து போகும். ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் அது வெளியே வந்தது.

இரண்டு எஞ்சின் இருந்தால் இரட்டைக் காவலா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பணம் உள்ளவர்கள் வாடகைக்கு அமர்த்தும்போதும், “டபிள் எஞ்சின்தானே?” என்று கேட்டுக் கொள்கிறார்கள்.

இரட்டை மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். ஓடும்போது ஒரு மாடு படுத்து விட்டால் என்ன ஆகும்? இன்னொரு மாடு வண்டியை ஒரு பக்கமாக இழுத்துக் கொண்டு போய்க் குடை சாய்க்கும். இரண்டு எஞ்சின் சிறு விமானமும் கிளம்பும் நேரத்தில் ஒரு எஞ்சினை இழந்தால், மற்ற எஞ்சின் அதை ஒரு புறமாகத் திருப்பிப் புரட்டப் பார்க்கும். நன்றாகப் பழகியவர் நிமிர்த்தி விடுவார். பழகாதவருக்கு ஒரே எஞ்சின் விமானமே மேல். அது நேராகச் சறுக்கியாவது இறங்கும்.

உயரத்தில் இருந்தால் கதை வேறு. 1949-ம் ஆண்டு மார்ச் 29-ந் தேதி சர்தார் வல்லபாய் படேல் டெல்லியில் இருந்து ஜெய்ப்பூருக்கு ‘டவ்’ என்ற இரண்டு எஞ்சின் சிறு விமானத்தில் போனார். வழியில் எஞ்சின் கோளாறு. ரேடியோவும் பேசவில்லை. நாடே கவலைப்பட்டது. விமானியோ நிதானமாக ஒரு வறண்ட மணல் வெளியில் இறக்கி விட்டார். எல்லோரும் சுகம்.

பெரிய மனிதர்கள், சிறு விமானங்கள்

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

1980 ஜூன் 23-ந் தேதி டெல்லியில் சஞ்சய் காந்தி இறந்தார். அது கரணம் அடிப்பதற்கென்றே செய்த விளையாட்டு விமானம். தாழ்வான உயரத்தில் கரணம் அடித்தார். தவறு நேர்ந்தால் நிமிர்த்திக் கொள்ள உயரம் வேண்டும். அது இல்லை.

2001 செப்டம்பர் 30-ந் தேதி மாதவராவ் சிந்தியா கான்பூரில் நடக்க இருந்த பொதுக் கூட்டத்துக்குப் போனார். மழை மேகம். மைன்புரி அருகில் விமானம் விழுந்து எட்டுப் பேரும் மாண்டார்கள். அது உலகம் முழுவதும் நல்ல பெயர் எடுத்த இரண்டு எஞ்சின் விமானம்!

2004 ஏப்ரல் 17-ந் தேதியை நம் தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள். ‘அருணாச்சல’த்திலும் ‘படையப்பா’விலும் நாம் பார்த்த நடிகை சௌந்தர்யா தேர்தல் பிரசாரத்துக்காக, பெங்களூர் ஜக்கூர் மைதானத்தில் இருந்து சிறு செஸ்னா விமானத்தில் கிளம்பினார். கிளம்பிய சில நொடிகளில் விழுந்து தீப்பிடித்தது. நால்வரும் கருகினார்கள். செஸ்னா சறுக்கி இறங்கும் என்று மேலே சொன்னோம். சறுக்குவதற்கு முதலில் உயரம் இருக்க வேண்டும். அவர்கள் அப்போது ஒரு தென்னை மர உயரத்தைத் தாண்டிக் கொஞ்சம்தான் போயிருந்தார்கள்.

இந்த மூன்றிலும் விமானத்தின் பெயர் வேறு. நடந்த விதமும் வேறு வேறு. “இந்த மாதிரி விமானம் ஆகாது” என்று மூன்றையும் ஒரே மூட்டையில் கட்ட முடியாது. ஒன்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது. இரண்டு சம்பவங்களில், கீழே ஒரு கூட்டம் காத்துக் கொண்டு இருந்தது. தலைவர் வர வேண்டும், நேரத்துக்கு வர வேண்டும் என்ற அவசரம் சிறு விமானத்துக்கு நல்ல நண்பன் அல்ல. “இன்று வானம் சரியில்லை, போக முடியாது” என்று முதலாளியிடம் சொல்லும் தைரியம் விமானிக்கு வேண்டும். கேட்டுக் கொள்ளும் பொறுமை முதலாளிக்கு வேண்டும்.

அமெரிக்கக் கணக்கும் இதையே காட்டுகிறது. சிறு விமான விபத்துகள் நூற்றில் எழுபதுக்கு மேல் ஓட்டியவரின் முடிவாலோ, கையாலோ வந்தவை. பெட்ரோலைப் பார்க்காமல் கிளம்பி நடு வானத்தில் தீர்ந்து போனவை கூட அதில் உண்டு!

கடலுக்கு அடியில் கிடந்த விடை

ஒப்பிடுவதற்குக் காரணம் தெரிய வேண்டும். காரணம் தெரிய விமானம் கிடைக்க வேண்டும். இதில் தாம்பரத்துக்கு ஒரு ஆறாத புண் உண்டு.

2016-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி காலை தாம்பரத்தில் இருந்து ஆன்டனோவ்-32 விமானம் போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. அது சிறு விமானம் அல்ல, சாமான் ஏற்றும் நடுத்தர விமானம். 29 பேர் இருந்தார்கள். வங்கக் கடல் மேல் மறைந்து போயிற்று. கப்பல்களும் விமானங்களும் வாரக் கணக்கில் தேடின. கிடைக்கவில்லை. 29 குடும்பங்களுக்கு ஓர் அடையாளம் கூட இல்லை.

ஏழரை வருஷம் போயிற்று. 2024 ஜனவரியில், நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி எடுத்த படங்களில் உடைந்த பாகங்கள் தெரிந்தன. ஆழம் 3,400 மீட்டர். தாம்பரத்தில் இருந்து கிளம்பியதைத் தேடித் தந்தது, பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போகிற பள்ளிக்கரணை!

அதற்கு ஒரு வருஷம் முன்னால், 2015 ஜூன் 8-ந் தேதி கடலோரக் காவல் படையின் டார்னியர் என்ற சிறு விமானம் சென்னையில் இருந்து ரோந்து போய் மறைந்தது. மூன்று பேர். அது சுமார் ஒரு மாதத்தில், கடலூர்ப் பக்கத்துக் கடலில், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் கிடைத்து விட்டது. ஏன் இந்த வித்தியாசம்? தண்ணீருக்குள் விழுந்தாலும் “இங்கே இருக்கிறேன்” என்று துடித்துக் கொண்டே இருக்கும் சிறு கருவி டார்னியரில் இருந்தது. நம் நீர்மூழ்கிக் கப்பல் அந்தத் துடிப்பைக் கேட்டது. ஆன்டனோவில் அப்படி ஒரு கருவி இல்லை என்று அப்போதே செய்திகள் வந்தன. ஆழமும் மூன்று மடங்குக்கு மேல்.

தனியார் வைத்திருக்கும் மிகச் சிறு விமானங்களில் கறுப்புப் பெட்டி கூடப் பெரும்பாலும் கிடையாது. கட்டாயமும் இல்லை. விழுந்து எரிந்தால் விசாரணைக்காரர்கள் சாம்பலைக் கிளறித்தான் காரணம் கண்டுபிடிக்க வேண்டும்.

தகப்பனார் என்ன கேட்க வேண்டும்?

நம் நாட்டில் விபத்துகளை ஆராய 2012-ல் தனி நிறுவனம் ஏற்பட்டது. அதன் அறிக்கைகளை யாரும் படிக்கலாம். நல்ல காரியம். பயிற்சிப் பள்ளிகளுக்கு மார்க் போடும் வழக்கத்தையும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2025-ல் ஆரம்பித்தது. முதல் தடவை 35 பள்ளிகளுக்கு மார்க் போட்டார்கள். ‘ஏ’ வரிசையில் ஒன்று கூட இல்லை! 13 பள்ளிகள் ‘பி’. மற்ற 22-ம் ‘சி’. நம் வீட்டுப் பையன் இப்படி மார்க் வாங்கி வந்தால் சும்மா விடுவோமா?

வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த 200 மணியை எந்த விமானத்தில், யாரிடம், எந்த அவசரத்தில் பறக்கிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக் கட்டடத்தையும் வாசலில் உள்ள படங்களையும் பார்த்துப் பணம் கட்டக் கூடாது. எத்தனை மாணவருக்கு எத்தனை ஆசிரியர்? ஆசிரியர் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார்? மழை மேகம் வந்தால் பறப்பை நிறுத்துகிறார்களா, அல்லது மணிக் கணக்கை முடிக்க வேண்டும் என்று தள்ளி விடுகிறார்களா? இதைச் சொல்ல ஆபீஸ் அறையில் இருப்பவரைவிட, டீக்கடையில் நிற்கும் பழைய மாணவன் நல்ல ஆள்.

எந்த விமானம் என்றும் கேளுங்கள். செஸ்னா-172 பழைய மாடல் ஆயிற்றே என்று பயப்பட வேண்டாம். அது பாடம் படிக்கவே பிறந்தது போன்ற விமானம். ஆஸ்திரியாக்காரர்களின் டைமண்ட் விமானமும் சில பள்ளிகளில் இருக்கிறது. வெளிநாட்டு ஒப்பீடுகளில் மிகக் குறைந்த உயிர்ச் சேதம் உள்ளவற்றில் அதுவும் ஒன்று. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பயிற்சி விமானங்கள் பெரும்பாலும் பகலில், நல்ல வானத்தில், ஊரைச் சுற்றியே பறக்கின்றன. ஆகவே அவற்றின் கணக்கு கொஞ்சம் அழகாகத்தான் தெரியும்.

கடைசியாக, ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. என்று பறந்தது, எத்தனை மணி பறந்தது, என்ன கெட்டுப் போயிற்று, யார் பழுது பார்த்தார் என்று அதில் எழுதி இருக்கும். செஸ்னா போன்ற விமானத்தின் எஞ்சினை 2,000 மணி நேரம் ஓடியதும் முழுக்கப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்று செய்தவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கணக்கு எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். புத்தகத்தை மேஜை மேல் விரித்துக் காட்டினால் உட்கார்ந்து மேலே பேசலாம். “அதெல்லாம் உங்களுக்கு எதற்கு ஐயா?” என்று கேட்டால், பணப் பையை எடுத்துக் கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம்.